கொல்லன் தன் குறட்டைத் தானே செய்கிறான்

(எமது வானொலியின் மாதாந்த உரை நிகழ்ச்சியில் ஸ்ரௌவ்வில் நேயர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஸ்காபரோவிலிருந்து மார்க்கம், மார்க்கத்திலிருந்து ஸ்ரௌவ்வில் என்று, கோ ரயில் பாதை வழியே வடக்கு நோக்கி நகர்ந்துவந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. பகலில் கணனி நிரல் எழுதுவது என் தொழில். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலையில் பிள்ளைகளோடு இருப்பது என் விருப்பம். இந்த இரண்டும் ஓரிடத்தில் மோதிக்கொண்டபோது நான் கற்ற பாடம் ஒன்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன். கணனி தெரியாதவர்கள் வானொலியை மூடிவிட வேண்டாம். இது கணனியைப் பற்றிய பேச்சுப்போல் தோன்றினாலும், எங்கள் மொழியைப் பற்றிய பேச்சுத்தான்.

முதலில் ஊருக்குப் போய் வருவோம். எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு கொல்லர் பட்டறை இருந்தது. மண்வெட்டி, கத்தி, வண்டில் பட்டம் எல்லாம் அங்கேதான். சிறுவனாக நான் துருத்தி ஊதுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் அந்தப் பெரியவர் இரும்பைப் பிடிக்கும் குறட்டையே உலையில் வைத்து அடித்துக்கொண்டிருந்தார். "ஏன் ஐயா, சந்தையில் வாங்கலாம்தானே?" என்று கேட்டேன். "வாங்கின குறடு எங்கை வழுக்கும் எண்டு எனக்குத் தெரியாது தம்பி. நான் அடிச்ச குறடெண்டால் தெரியும்" என்றார். அன்று அது எனக்கு ஒரு பதிலாகவே படவில்லை. விளங்குவதற்கு முப்பது வருடத்துக்கு மேல் எடுத்தது.

இனி விடயத்துக்கு வருகிறேன். கணனிக்குக் கட்டளை சொல்ல மனிதர் உருவாக்கிய மொழியை நிரல்மொழி என்கிறோம். ஒரு நிரல்மொழி தனியாக நிற்காது. எழுதியதைக் கணனிக்கு விளங்கும்படி மாற்றித் தரும் தொகுப்பி வேண்டும். பிழையைக் காட்ட ஒரு கருவி, எழுத்தை அழகாக அடுக்கித் தர ஒரு கருவி, சோதித்துப் பார்க்க இன்னொரு கருவி, இப்படி ஒரு பட்டறையே வேண்டும். இந்தப் பட்டறைச் சாமான்களை எந்த மொழியில் எழுதுவது? ஏற்கனவே பலம் வாய்ந்த வேறொரு மொழியிலா, அல்லது தான் உருவாக்கிய அந்த மொழியிலேயேவா? நிரல்மொழி செய்கிறவர்களுக்குள் நெடுங்காலமாக நடக்கும் வாதம் இது. சொந்த மொழியிலேயே செய்ய வேண்டும் என்பவர்களோடு நான் நிற்கிறேன். என் தோல்விதான் என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

2006ஆம் ஆண்டு. எங்கள் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளுக்காக ஒரு சின்ன நிரல்மொழி செய்தேன். அமெரிக்காவில் 1967இல் சீமோர் பாப்பேர்ட்டும் அவரது தோழர்களும் சிறுவர்களுக்காக உருவாக்கிய லோகோ என்ற மொழியைப் பார்த்துச் செய்தது. திரையில் ஓர் ஆமை இருக்கும். "முன்னே 50" என்றால் கோடு கீறிக்கொண்டு நடக்கும். "வலம் 90" என்றால் வலப்பக்கம் திரும்பும். அதற்கு "ஆமை" என்றே பெயர் வைத்தேன். கட்டளைகள் எல்லாம் தமிழ். கணனியை நான் தமிழ் பேச வைத்துவிட்டேன் என்ற பெருமை எனக்கு நிறைய இருந்தது. வேலைக்குப் போகும் ரயிலில், மடிக்கணனியில், ஜாவா மொழியில் அதை எழுதி முடித்தேன்.

பிள்ளைகளுக்கு நல்ல புழுகம். கோலம் போட்டார்கள், வீடு கீறினார்கள். மூன்றாம் வாரம், ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி யாழ்ப்பாணம் என்று பெயர் வைத்து ஒரு படம் கீறத் தொடங்கினாள். "வலம்" என்று எழுத வேண்டிய இடத்தில் "வளம்" என்று எழுதிவிட்டாள். எங்கள் பிள்ளைகளுக்கு லகர ளகரம் எப்போதும் தகராறுதானே. உடனே திரையில் சிவப்பு நிறத்தில் நீண்ட ஆங்கில வாக்கியம் ஒன்று வந்து விழுந்தது. அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"மாஸ்ரர், நான் தமிழிலைதானே எழுதினனான். ஏன் இது இங்கிலிசிலை ஏசுது?"

நேயர்களே, எனக்குப் பதில் வரவில்லை. வீட்டில் தமிழில் பேசு என்போம். பிள்ளை பிழைவிட்டால் ஆங்கிலத்தில் ஏசுவோம். நான் செய்த ஆமையும் அதைத்தான் செய்தது.

அன்று இரவு உட்கார்ந்து பார்த்தேன். பிழைச் செய்தி ஆங்கிலத்தில் வந்தது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, அது காட்டிய இடம். பிழை இருந்தது ஒரு எழுத்தில். அம்புக்குறி நின்றது வேறு எழுத்தில். காரணம் என்ன? கணனி தமிழ் எழுத்தை நாங்கள் எண்ணுவதுபோல் எண்ணுவதில்லை. யாழ்ப்பாணம் என்ற சொல்லில் எங்களுக்கு ஆறு எழுத்து: யா, ழ், ப், பா, ண, ம். யூனிகோட் முறையில் அரவும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். ஆகவே ஜாவாவுக்கு அது பதினொன்று. பிள்ளை தன் படத்துக்கு வைத்த பெயரிலேயே ஐந்து இடம் தள்ளிப் போய்விட்டது.

இவ்வளவு பெரிய குறைகள் என் கண்ணில் ஏன் முதலே படவில்லை? விடை வெட்கமானது. நான் உருவாக்கிய மொழியில் நானே பத்து வரிக்கு மேல் ஒருநாளும் எழுதியதில்லை. என் வேலை முழுவதும் ஜாவாவில் நடந்தது. ஆமை பிள்ளைகளுக்கு, ஜாவா எனக்கு. ஆமையின் பிழை காட்டும் கருவியை ஆமையிலேயே எழுத முயன்றிருந்தால், முதல் மாலையிலேயே அந்த ஆங்கில ஏச்சு எனக்கு விழுந்திருக்கும். ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்க்க ஆமையில் வழியே இல்லை என்பதும் அன்றைக்கே தெரிந்திருக்கும். குறடு எங்கே வழுக்கும் என்று எனக்குத் தெரியாமல் போனது, நான் அதைப் பிடித்து வேலை செய்யாததால்.

கட்டளைச் சொல்லைத் தமிழாக்குவது மட்டும் பெரிய வித்தை அல்ல. 1950களிலேயே அமெரிக்கக் கணனி முன்னோடி கிறேஸ் ஹொப்பர், ஆங்கிலக் கட்டளைகளுக்குப் பதிலாகப் பிரெஞ்சு, ஜேர்மன் கட்டளைகளைக் கொடுத்து, கணனி அவற்றையும் ஏற்கும் என்று செய்து காட்டினார். பிலடெல்பியாவில் செய்த இயந்திரத்துக்குப் பிரெஞ்சும் ஜேர்மனும் எப்படி விளங்கும் என்று மேலதிகாரிகள் திகைத்துப் போனார்களாம். சொல் மாற்றம் அவ்வளவு இலகு. நான் செய்ததும் அவ்வளவுதான். வாசற்படிக்குத் தமிழில் பெயர்ப்பலகை போட்டேன். வீட்டுக்குள்ளே எல்லாம் வேறு.

பெரியவர்கள் இதை எப்படிச் செய்தார்கள் என்று தேடிப் படித்தேன். எங்கள் உறவுகள் பலர் அடைக்கலம் பெற்ற சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் நிக்கிளவுஸ் வேர்த் என்ற பேராசிரியர் இருந்தார். 2024இன் முதல் நாளில் காலமானார். 1970இல் வெளிவந்த பாஸ்கல் என்ற மொழியை உருவாக்கியவர் அவர். பாஸ்கலுக்கான தொகுப்பியை முதலில் போர்ட்ரான் என்ற பழைய மொழியில் எழுதப் பார்த்தார்கள், சரிவரவில்லை. அதைக் கைவிட்டு, தொகுப்பியைப் பாஸ்கலிலேயே எழுதினார்கள். பாஸ்கலை விளங்கும் கணனி அதுவரை ஒன்றும் இல்லை. அப்படியானால் எப்படி ஓடும்? முதல் தடவை மட்டும் அதைக் கையால் வேறொரு மொழிக்கு மாற்றி ஓட விட்டார்கள். அதன்பின் பாஸ்கல் தன்னைத் தானே தொகுத்துக்கொண்டது. முதற் சுத்தியலைக் கல்லால் அடித்துச் செய்யலாம். அடுத்த சுத்தியலைச் சுத்தியலால் செய்யலாம்.

வேர்த் பற்றி அவரது மாணவர்கள் சொல்லும் செய்தி ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. தொகுப்பிக்குப் புதிதாக ஒரு வேக நுட்பத்தைச் சேர்க்க விரும்பினால், அவர் ஓர் அளவுகோல் வைத்திருந்தார். அந்த நுட்பத்தோடு தொகுப்பி தன்னைத் தானே தொகுக்க எடுக்கும் நேரம் குறைய வேண்டும். குறையாவிட்டால், அந்த நுட்பம் தன் செலவைத் தானே ஈடுசெய்யவில்லை, வேண்டாம். சமைத்தவரே முதலில் உண்டு பார்க்கும் முறை இது.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. 1982இல் எங்கள் ரொறன்ரோ பல்கலைக்கழகத்திலேயே றிக் ஹோல்ற், ஜேம்ஸ் கோர்டி என்ற இருவர் ரியூறிங் என்ற மொழியை மாணவர்களுக்காக உருவாக்கினார்கள். 1990களிலும் 2000களிலும் ஒன்ராறியோவில் உயர்நிலைப் பாடசாலையில் கணனி படித்த எங்கள் பிள்ளைகள் பலருக்கு இந்தப் பெயர் நினைவிருக்கும். அந்த மொழிக்குப் புதிய வசதிகளைச் சேர்த்துப் பார்க்க அதே பல்கலைக்கழகத்தில் 1985 அளவில் தொடங்கிய ரி.எக்ஸ்.எல். என்ற கருவி, ரியூறிங்கின் வளர்ச்சியான ரியூறிங் பிளஸ் மொழியிலேயே எழுதப்பட்டது.

என் அக்காவின் மகள் ஸ்காபரோவில் ரியூறிங் படித்தவள். பொத்தான்களும் சாளரங்களும் கீறும் பகுதி ரியூறிங்கிலேயே எழுதப்பட்டு, நிறுவிய கோப்புறைக்குள் எவரும் திறந்து வாசிக்கக்கூடியதாக இருந்ததாம். "நான் வகுப்பிலை படிச்சதைவிட அதைத் திறந்து பார்த்துப் படிச்சது கூட, மாமா" என்று அவள் சொல்லுவாள். இதுதான் இரண்டாவது காரணம். மொழியின் கருவிகள் அந்த மொழியிலேயே இருந்தால், மொழியைக் கற்றவன் எவனும் கருவியைத் திறக்கலாம், திருத்தலாம். பாவனையாளன் நாளைக்குப் பட்டறைக்காரன் ஆகலாம். கருவி வேறு மொழியில் இருந்தால் அந்தக் கதவு பூட்டியே கிடக்கும்.

என் ஆமைக்கு நடந்தது அதுதான். 2011 அளவில் பாடசாலைக் கணனிகள் மாறின. ஆமை ஓடவில்லை. மற்ற ஆசிரியர்களுக்கு ஆமை தெரியும், ஜாவா தெரியாது. எனக்கு அப்போது வேலைப் பளு. அம்மாவும் நோயில் இருந்தார். திருத்த ஆளில்லாமல் ஆமை செத்துப் போனது. ஐந்து வருடம் பிள்ளைகள் தமிழில் எழுதிய நிரல்கள் எல்லாம் அதோடு போயின.

2017 ஓகஸ்டில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இணைய மாநாடு நடந்தபோதுதான் அந்த ஆசை மறுபடி தலைதூக்கியது. முத்து அண்ணாமலை என்ற தமிழகத்துப் பொறியியலாளர் உருவாக்கிய எழில் என்ற தமிழ் நிரல்மொழியை அதன்பின் ஊன்றிப் படித்தேன். 2009இலேயே அதைப் பற்றிய கட்டுரையை அவர் வெளியிட்டிருக்கிறார். எழிலில் "ஆனால்" என்ற சொல் நிபந்தனைக்குப் பின்னால் வரும், நாங்கள் பேசுவது போலவே. ஆங்கில ஒழுங்கில் சொற்களை மட்டும் மாற்றிய என் ஆமையைவிட அது எவ்வளவோ மேல்.

எழில் பைதன் மொழியில் எழுதப்பட்டது. சொந்த மொழியில் எழுத வேண்டும் என்று சொல்லிக்கொண்டு அதை நான் குறை சொல்வேனா? மாட்டேன். முதற் சுத்தியலுக்குக் கல் வேண்டும். ஆனால் தமிழ் நிரல்மொழி ஒன்றை உண்மையாகப் புழங்கத் தொடங்கியதும், தமிழ் எழுத்தைச் சரியாக எண்ணவும் பிரிக்கவும் கருவி இல்லையே என்ற குறை முன்னால் வந்து நின்றது. எழில் பணியிலிருந்தே ஓப்பன்-தமிழ் என்ற திறந்த மென்பொருள் நூலகம் கிளைத்தது. யாழ்ப்பாணத்துக்கு ஆறு எழுத்து என்று அது சரியாகச் சொல்லும். அதை இன்று எவரும் தம் வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். உபயோகிப்பவனுக்கு வலித்தால்தான் மருந்து பிறக்கும்.

2020இன் முடக்க காலத்தில், அதே மருமகள் என்னை விடவில்லை. "மாமா, ஆமையைத் திரும்பச் செய்வம். ஆனால் இந்தமுறை ஒரு நிபந்தனை. அடியிலை கொஞ்சம்தான் பைதன். மிச்சம் எல்லாம் ஆமையிலை" என்றாள். எழுத்து எண்ணும் வேலையை ஓப்பன்-தமிழிடம் கொடுத்தோம். பிழை காட்டும் கருவியை ஆமையிலேயே எழுதத் தொடங்கினோம். தொடங்கிய முதல் கிழமையே அழுகை வந்தது. சொற்பட்டியல் வைக்க வசதியில்லை. ஒரு சொல்லை இன்னொன்றோடு ஒப்பிட வசதியில்லை. பெயர்கள் நீண்டு, வாசிக்கவே கண் வலித்தது. ஒவ்வொன்றாய் மொழியைத் திருத்தினோம். அந்தக் குளிர்காலத்தில் ஆமை அடைந்த வளர்ச்சி, முந்தைய ஐந்து வருடத்தில் அடையாதது.

இப்போது பிள்ளை "வளம் 90" என்று எழுதினால் ஆமை இப்படிச் சொல்லும்: "வளம் என்ற சொல் எனக்குத் தெரியாது. வலம் என்று எழுத நினைத்தீர்களா?" லகர ளகர ழகரம், ரகர றகரம், நகர னகர ணகரம் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துக் கேட்கும். அந்த ஒப்பிடும் பகுதியில் ரகர றகரத்தைச் சேர்த்தது நானுமல்ல, மருமகளுமல்ல. பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன். கோப்பைத் திறந்தான், தமிழில் இருந்தது, வாசித்தான், தன் வரியைச் சேர்த்தான். எனக்கு மின்னஞ்சலில் அனுப்பினான், அவ்வளவுதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, மறைக்கக் கூடாது. எங்கள் ஆமை மெதுவானது. ஒரு பக்க நிரலைச் சரிபார்க்க மூன்று, நான்கு விநாடி எடுக்கும். பெரிய உலகிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. கூகிள் நிறுவனத்தில் பிறந்த கோ மொழி, 2015இல் தன் தொகுப்பியைச் சி மொழியிலிருந்து தன் சொந்த மொழிக்கு மாற்றியபோது, தொகுக்க எடுக்கும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பானது. பிறகு படிப்படியாகச் சீர்செய்தார்கள். மாறாக, மைக்ரோசொப்ற்றின் ரைப்ஸ்கிறிப்ற் மொழியின் தொகுப்பி அந்த மொழியிலேயே எழுதப்பட்டிருந்தது. 2025 மார்ச்சில், வேகம் பத்து மடங்கு கூடும் என்று சொல்லி, அதைக் கோ மொழிக்கு மாற்றுவதாக அறிவித்தார்கள். பைதன் உலகிலும் றஸ்ற் மொழியில் எழுதிய வேகமான கருவிகள் இன்று பெரிதும் பரவியிருக்கின்றன.

வேகம் தேவைப்படுகிறவர்கள் வேகத்தைத் தேடட்டும். கோடிக்கணக்கான வரிகளோடு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு விநாடியும் பெரிது. ஆனால் அவர்கள் அந்த இடத்துக்கு வந்தது எப்படி என்று பாருங்கள். ரைப்ஸ்கிறிப்ற் பத்து வருடத்துக்கு மேல் தன் தொகுப்பியைத் தானே சுமந்து பழுத்த மொழி. அது இடம் மாறிய கோ மொழியும் தன்னைத் தானே தொகுப்பது. வளர்ந்த பிள்ளை வீட்டை விட்டுப் போகலாம். தவழும் பிள்ளை போக முடியாது. சிறிய மொழிக்கு, ஆட்கள் குறைந்த மொழிக்கு, வேகத்தைவிடத் திருத்தக்கூடிய கைகளே பெரிய செல்வம்.

நாங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள். பிள்ளைகளிடம் தமிழைக் கொடுத்தோம். ஆனால் எந்தத் தமிழைக் கொடுத்தோம்? மேடையில் பேச ஒரு தமிழ், பரிசு வாங்க ஒரு தமிழ். வேலை என்று வந்தால், தமிழ்ப் பாடசாலை நிர்வாகக் கூட்டத்தின் அறிக்கையைக்கூட ஆங்கிலத்தில்தான் எழுதுகிறோம். நானும் அப்படி எழுதியவன்தான். பிள்ளைகள் இதைக் கவனிக்காமல் இல்லை. தமிழ் காட்சிக்கு, ஆங்கிலம் காரியத்துக்கு என்று அவர்கள் தாங்களாகவே கணக்குப் போட்டுவிடுகிறார்கள். அன்றைக்கு அந்தச் சிறுமி கேட்ட கேள்வியும் இந்தக் கணக்குத்தான்.

அதனால் நிரல்மொழி செய்கிற எங்கள் இளையவர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் தமிழில் கருவி செய்தால், அந்தக் கருவியைச் செய்யும் கருவியில் ஒன்றையாவது அதே தமிழில் செய்யுங்கள். பிழைச் செய்தியில் தொடங்குங்கள். அதுதான் பிள்ளை முதலில் வாசிப்பது. பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் பிள்ளை கணனியில் தமிழில் ஏதாவது செய்தால், "அழகாய் இருக்கு" என்பதோடு நிற்காதீர்கள். "இது பிழைச்சால் ஆர் திருத்துவது?" என்று கேளுங்கள். "நான்தான்" என்று பிள்ளை சொல்லுமானால், அந்தத் தமிழ் நிலைக்கும்.

அந்தக் கொல்லர் இன்று இல்லை. பட்டறை இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறதோ. ஆனால் அவர் சொன்னதைக் கடைசியில் விளங்கிக்கொண்டேன் என்பதை அவருக்குச் சொல்ல முடியாத குறையை, உங்களிடம் சொல்லித் தீர்த்துக்கொள்கிறேன்.